அர்க்குக்கா, ஷர்பத்துக்கா? வேரிலும் பட்டையிலும் தீநீர் இறக்குதல்

வேலூர் லாங்கு பஜாரில் நான் வழக்கமாகப் போகும் நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேர் கேட்டால், கடைக்காரப் பாய் உடனே தராசைத் தொட மாட்டார். "அர்க்குக்கா, ஷர்பத்துக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். முதல் தடவை எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எதற்காக இருந்தால் என்ன பாய், வேரைப் போட்டுக் கொதிக்க வைக்கப்போகிறேன், அவ்வளவுதானே" என்றேன். "அப்படி இல்லை அம்மா. ஷர்பத்துக்கு வேரின் சாறு வேண்டும். அர்க்குக்கு வேரின் வாசனை வேண்டும். சாறு பானையில் தங்கும், வாசனை மேலே போய்விடும்" என்றார். வேரிலும் பட்டையிலும் வாசனை நீர் இறக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான முதல் பாடத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

இந்த நீருக்குப் பல பெயர்கள் உண்டு. சித்த மருத்துவத்தில் தீநீர் என்பார்கள். அதை இறக்கும் கருவிக்கு வாலை என்று பெயர். யூனானியில் அர்க். அரபியில் அந்தச் சொல்லுக்கு வியர்வை என்று பொருள். பெயர் வைத்தவர் மூடியின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டே வைத்திருக்க வேண்டும், அவ்வளவு பொருத்தம். இப்போது அழகுப் பொருள் விற்பவர்கள் ஹைட்ரசால் என்கிறார்கள். குழந்தைக்கு வயிறு உப்பினால் பாட்டிமார்கள் தேடும் ஓம வாட்டரும், கல்யாண வாசலில் சொம்பிலிருந்து தெளிக்கும் பன்னீரும் இந்தக் குடும்பம்தான். ஓமம் விதை, பன்னீர் ரோஜா பூ. இரண்டுமே வாசனையை எளிதில் விட்டுக்கொடுப்பவை. வேரும் பட்டையும் அப்படி அல்ல. அவற்றுக்குப் பொறுமை வேண்டும். எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்ற தெளிவும் வேண்டும்.

அந்தத் தெளிவு வர ஒரு சின்னச் சோதனை. நாளைக்கு ரசம் வைக்கும்போது, நுரை கட்டி வரும் நேரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டால் ஒரு நிமிடம் மூடி எடுங்கள். தட்டின் அடியில் முத்து முத்தாகத் துளிகள் இருக்கும். ஒரு துளியை நாக்கில் வையுங்கள். உப்பு இல்லை, புளிப்பு இல்லை, மிளகாயின் காரம் இல்லை, மஞ்சளின் நிறமும் இல்லை. ஆனால் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பெருங்காயமும் சீரகமும் மணக்கும். அந்தத் துளிதான் தீநீர். ஆவியாகக்கூடியது நீராவியோடு மேலே போய், குளிர்ந்த உலோகத்தில் பட்டு மறுபடி நீராகிறது. ஆவியாகாத உப்பும் புளிப்பும் காரமும் நிறமும் கீழேயே நின்றுவிடுகின்றன.

இதில் ஒரு கேள்வி எழ வேண்டும். இலவங்கப்பட்டைக்கு மணம் தரும் முக்கியமான பொருள் சின்னமால்டிஹைடு. அது தனியாகக் கொதிக்க ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. நம் பானையில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. பிறகு எப்படி அது மேலே போகிறது? ஒரு திரவத்திலிருந்து எழும் ஆவியின் அழுத்தம், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போது அந்தத் திரவம் கொதிக்கிறது. பானையில் தண்ணீரும், அதோடு கலக்காத நறுமண எண்ணெயும் சேர்ந்திருந்தால், இரண்டும் தனித்தனியே ஆவியை எழுப்பிக் கூட்டாகக் காற்றைத் தள்ளுகின்றன. மேட்டில் நின்றுபோன வண்டியைப் பெரியவர் ஒருவர் தள்ளும்போது ஒரு சிறுவனும் கைகொடுப்பதைப் போல. பெரும் பங்கு தண்ணீருடையது, சிறு பங்கு எண்ணெயுடையது. வண்டி நகரும்போது இருவருமே நகர்கிறார்கள். அதனால்தான் 250 டிகிரி தேவைப்படும் பொருளும் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியோடு வந்துவிடுகிறது. வரும் எண்ணெயில் கொஞ்சம் மட்டும் நீரில் கரைந்து நிற்கும். மிஞ்சியது எண்ணெய்த் துளியாகப் பிரியும்.

இனி, மேலே போகாத பொருளைப் பற்றி. நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காட்டின் தோல் ஊர்கள் இன்று 3 மாவட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. குரோமியம் உப்பு வருவதற்கு முன்னால் தோலைப் பதனிடப் பயன்பட்டது ஆவாரம் பட்டை. அந்தப் பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருளான டானின்தான் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கி, அழுகாமல் காக்கிறது. பட்டையை ஊறவைத்த தொட்டியில்தான் தோலைப் போட்டார்கள். ஆவியில் யாரும் பதனிடவில்லை. டானின் கனமான பொருள், நீராவியோடு ஏறவே ஏறாது.

இதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் மருதம்பட்டை 50 கிராம் வாங்கி வந்து இறக்கினேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் குண்டானைத் திறந்தபோது கீழே செங்கல் கரைத்தது போன்ற சிவப்பு நீர். நடுக்கிண்ணத்தில் கண்ணாடி போலத் தெளிந்த நீர். இரண்டிலும் ஒவ்வொரு டம்ளர் எடுத்து, ஆளுக்கொரு துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தேன். மறுநாள் காலையில் சிவப்பு நீர் மையைப் போலக் கறுத்திருந்தது. டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகும்; பழைய காலத்தில் எழுதும் மையை இந்த வழியிலும் செய்தார்கள். தெளிந்த நீரில் ஆணியைச் சுற்றிக் கொஞ்சம் துருக்கறை, வேறொன்றும் இல்லை. வாயில் வைத்தால் பச்சைத் தண்ணீர். முகர்ந்தால் மழையில் நனைந்த விறகின் வாசனை, அதுவும் மெலிதாக.

ஆகவே மருதம்பட்டை, ஆவாரம்பட்டை, வேப்பம்பட்டை, கருவேலம்பட்டை ஆகியவற்றின் தீநீர் என்று யாராவது விலை சொன்னால் யோசியுங்கள். இவற்றின் துவர்ப்பும் கசப்பும் தீநீரில் இருக்காது. அவை வேண்டுமென்றால் கஷாயம்தான் வழி. மணத்துக்காகப் பெயர்பெற்ற வேரும் பட்டையும்தான் வாலைக்கு ஏற்றவை. கண்டுபிடிக்கும் முறையும் சுலபம்: ஒரு துண்டை நசுக்கி டம்ளரில் போட்டு, கொதிக்கும் நீர் ஊற்றி 5 நிமிடம் மூடி வைத்துத் திறந்து முகருங்கள். ஆவி மணந்தால் இறக்கலாம், மணக்காவிட்டால் விட்டுவிடலாம்.

தொடங்குபவர்களுக்கு வெட்டிவேரைத்தான் சொல்வேன். கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் பயிராகி வருகிறது, எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும், தவறு செய்தாலும் மன்னிக்கும் வேர். நூறு கிராமில் ஒரு கிராம் எண்ணெய் இருந்தாலே நல்ல வேர்தான். அடுத்தது நன்னாரி. அதன் மணம் முழுவதும் மேல்தோலில் இருக்கிறது, நடுவில் இருப்பது வெறும் மரத்தண்டு. உரலில் லேசாகத் தட்டினால் தோல் பிளந்து தண்டு தனியே வரும், அதை எடுத்தெறிந்துவிடலாம். அதே மணம் மாகாளிக் கிழங்கிலும் உண்டு, இரண்டிலும் மணம் தருவது ஒரே மூலக்கூறு, வெனிலாவின் மணப்பொருளுக்கு உடன்பிறப்பு. ஆனால் மாகாளிக் கிழங்கு காடுகளில் தோண்டித் தோண்டி அருகிவரும் செடி. நன்னாரி இருக்க அதைத் தொட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கோரைக்கிழங்கும் இஞ்சியும் நல்ல தீநீர் தருகின்றன. தாவரவியலில் அவை வேர் அல்ல, மண்ணுக்குள் வளரும் தண்டு, ஆனாலும் வேலை ஒன்றேதான். பட்டைகளில் இலவங்கப்பட்டை ஒன்று போதும். தடித்த முரட்டுப் பட்டையை விட்டு, சுருட்டுப் போல அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். சவ்வாது மலைச் சந்தனம் நம் பெருமைதான், ஆனால் கைமாறி வரும் மலிவு விலைச் சந்தனத்தின் பக்கமே போகாதீர்கள்; அது எங்கே வெட்டியது என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

செய்முறைக்கு வருகிறேன். 100 கிராம் வெட்டிவேரை எடுத்து, குளிர்ந்த நீரில் மூன்று நான்கு முறை வேகமாக அலசுங்கள். கண்ணுக்குத் தெரியாத மணல் நிறைய இருக்கும். பிறகு கத்தரிக்கோலால் அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஒன்றரை லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். பூவுக்கும் இலைக்கும் இந்த ஊறல் தேவையில்லை. வேரில் எண்ணெய் உள்ளே பூட்டிக் கிடக்கிறது, நீர் உள்ளே போய் நாரை இளக்கினால்தான் வெளியே வரும். ஊறிய நீரைக் கொட்டிவிடாதீர்கள், அதோடு சேர்த்தே அடுப்பில் ஏற்ற வேண்டும். பொடியாக அரைத்தால் வேகமாக இறங்குமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இலவங்கப்பட்டையைப் பொடித்துப் போட்டேன். பத்தே நிமிடத்தில் நுரை பொங்கி நடுக்கிண்ணத்துக்குள் ஏறிவிட்டது, மிஞ்சியது அடியில் ஒட்டித் தீய்ந்தது. துண்டுகளாகவே இருக்கட்டும்.

பாத்திரத்துக்கு வீட்டு எவர்சில்வர் இட்லிக் குண்டானே போதும். அலுமினியம் வேண்டாம், தீநீர் லேசான புளிப்புத் தன்மை உடையது. குண்டானின் நடுவில் ஒரு குக்கர் ஸ்டாண்டு, அதன்மேல் கனமான சிறு எவர்சில்வர் கிண்ணம். ஸ்டாண்டின் உயரம் நீர்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொதிநீர் துள்ளி உள்ளே விழும். வேர்த் துண்டுகள் ஸ்டாண்டைச் சுற்றி நீரில் கிடக்கும். இப்போது குண்டானின் குவிந்த மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மூடியின் குமிழ் கிண்ணத்துக்கு நேர் மேலே கீழ்நோக்கித் தொங்கும். துளிகள் அதன் வழியே சரியாகக் கிண்ணத்தில் சொட்டும். மூடியில் ஆவித் துளை இருந்தால் பிசைந்த கோதுமை மாவால் அடைத்துவிடுங்கள். விளிம்பைச் சுற்றியும் அதே மாவைக் கயிறாகத் திரித்து ஒட்டலாம். சித்த மருந்து செய்பவர்கள் களிமண் தடவிய துணியால் (சீலைமண்) மூடிப் பூசுவது இதே காரணத்துக்காகத்தான். இறுக்கி அமுக்க வேண்டாம், ஆவி அதிகமானால் வழிவிடும் அளவுக்கு இருந்தால் போதும்.

கவிழ்ந்த மூடியின் பள்ளத்தில் ஐஸ். வேலூர் வெயிலில் இதுதான் பெரிய வேலை. அக்கினி நட்சத்திர நாட்களில் ஒரு தட்டு ஐஸ் கால் மணி நேரம் தாங்காது. பால் கவர்களைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, முந்தின நாளே உறைய வைத்துக்கொள்கிறேன். ஆறு கவர் இருந்தால் ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும். உருகிய நீரைக் கரண்டியால் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். மூடி சூடாகிவிட்டால் ஆவி குளிர இடமில்லாமல் விளிம்பு வழியே போய்விடும், அதோடு மணமும் போகும். சமையலறை முழுக்க வெட்டிவேர் மணந்தால் மகிழ வேண்டாம், கிண்ணத்துக்கு வர வேண்டியது காற்றுக்குப் போகிறது என்று பொருள்.

அடுப்பு சிம்மிலேயே இருக்க வேண்டும். உள்ளே நீர் குதிக்காமல், மெல்ல முனகும் அளவு. முதல் கால் மணி நேரத்தில் இறங்கும் நீரை ஸ்பூனில் பிடித்து முகர்ந்தால் நனைந்த வைக்கோல் வாசனைதான் வரும். ஏமாந்துவிடாதீர்கள். வெட்டிவேர் எண்ணெயின் மூலக்கூறுகள் கனமானவை, தாமதமாகத்தான் ஏறும். தொழிற்சாலைகளில் ஒரு நாள் முழுக்கக்கூட ஆவியில் வைத்திருப்பார்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் தலைமுறை தலைமுறையாக அத்தர் இறக்குபவர்களும் செப்புப் பானையின் அடியில் தீயை அடக்கித்தான் வைக்கிறார்கள். நம் வீட்டில் ஒரு மணி நேரம் தாண்டிய பிறகு, மழை பெய்த மண்ணும் வேரும் சேர்ந்த அந்த மணம் சொட்டத் தொடங்கும். இரண்டு மணி நேரத்தில் 400 மில்லி கிடைத்தால் நிறுத்திவிடலாம். ஊற்றிய நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்கினால் அடிப்பிடிக்கும் அபாயம் வரும். அடுப்பை விட்டு எங்கும் போக வேண்டாம். மூடியைத் திறக்கும்போது உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறங்கள், ஆவி கையைச் சுட்டுவிடும். குக்கரில் குழாய் மாட்டி இறக்கும் முறையைப் பலர் செய்கிறார்கள். ஒரு வேர்த்துண்டு போய் ஆவித் துளையை அடைத்தால் என்னவாகும் என்பதால் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை.

கிண்ணத்தில் இருக்கும் நீர் நிறமற்று இருக்க வேண்டும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் கீழ்நீர் துள்ளி விழுந்திருக்கிறது, அது தீநீர் அல்ல. இலவங்கப்பட்டை மட்டும் பால் கலந்தது போல மங்கலாக இறங்கும், அது குறை இல்லை. நுண்ணிய எண்ணெய்த் துளிகள் மிதப்பதால் வரும் மங்கல் அது. அந்த எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்துக் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தால், அடியில் கடுகு அளவில் இரண்டு மூன்று மஞ்சள் மணிகள் உருளும். முதல் தடவை அதைப் பார்த்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த மணிகள் தோலில் நேரே படக் கூடாது, எரியும்.

தண்ணீரைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். நம் ஊர் போர்வெல் நீரின் கடினத்தன்மை குண்டானில் வெள்ளைப் படிவமாக நின்றுவிடும், தீநீரில் வராது. ஆனால் ஆவியாகக்கூடிய எதுவும் வரும். குழாய் நீரில் குளோரின் வாடை அடித்தால் அது முதல் சொட்டுகளில் ஏறி நிற்கும். வேரை ஊறவைப்பதற்கு முன்பே அந்த நீரைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்க வைத்து ஆறவிட்டால் சரியாகிவிடும். தொழிற்சாலைக் கழிவு கலந்திருக்குமோ என்ற ஐயமுள்ள கிணற்று நீரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

இறக்கிய அன்றே வாசனையை எடைபோடாதீர்கள். புதிய தீநீரில் ஒரு வெந்த வாடை இருக்கும். ஒரு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால் அது அடங்கி, வேரின் மணம் மட்டும் நிற்கும். கண்ணாடிப் புட்டியைக் கொதிநீரில் 10 நிமிடம் போட்டு எடுத்து, கவிழ்த்து உலர்த்திய பிறகே ஊற்ற வேண்டும். தீநீரில் கெடாமல் காக்கும் பொருள் எதையும் நாம் சேர்ப்பதில்லை. வெளியே வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் சில நாட்களிலேயே கெடத் தொடங்கும், பெட்டிக்குள் மூன்று நான்கு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். குடிக்க என்றால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். நூல் போல ஏதாவது மிதந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ, வடிகட்டிக் காப்பாற்ற நினைக்காமல் கொட்டிவிடுங்கள்.

வெட்டிவேர்த் தீநீரை வெயிலில் அலைந்து வந்து முகத்திலும் கழுத்திலும் தெளிக்கலாம், முல்தானி மட்டியைக் குழைக்கலாம், தலைக்குக் குளித்த பின் கடைசி நீராக ஊற்றலாம், ஜன்னல் திரையில் தெளிக்கலாம். மண்பானைத் தண்ணீரில் ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கலந்து குடிக்கலாம். அதன் குளிர்ச்சி மூக்கும் மனமும் சேர்ந்து உணர்வது. அதை நோய்க்கு மருந்தாக நினைத்து, மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தக் கூடாது. புதிய தீநீர் எதையும் முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டே முகத்துக்குக் கொண்டுபோங்கள். இலவங்கப்பட்டைத் தீநீரை முகத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம், சின்னமால்டிஹைடு பலருக்கு ஒவ்வாமை தரும். கண்ணிலும் மூக்குக்குள்ளும் எதையும் விட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வீட்டில் இறக்கியதைக் குடிக்கத் தரக் கூடாது.

வசம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை வளர்ப்பான் என்று நம் வீடுகளில் அதற்குப் பெயர்; அந்தப் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் அதன் மணத்துக்குக் காரணமான அசரோன், ஆய்வுக்கூட எலிகளுக்குப் புற்றுநோய் தந்த பொருள். அமெரிக்காவில் 1968இலேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தார்கள். டானினைப் போல அது பானையில் தங்கிவிடாது, ஆவியோடு ஏறி வரும். எனவே வசம்பை வாலையில் போடக் கூடாது.

கடைசியாகக் குண்டானில் மிஞ்சும் கீழ்நீர். வெட்டிவேருடையதை ஆறவைத்துக் குளிக்கும் நீரில் கலந்துவிடுகிறேன். நன்னாரியின் கீழ்நீரில் சர்க்கரை போட்டு ஒருமுறை ஷர்பத் காய்ச்சினேன். நிறம் அழகாக வந்தது, லேசான கசப்பும் இருந்தது, மணம் மட்டும் இல்லை. அது முழுவதும் புட்டிக்குள் போயிருந்தது. பாகு நன்றாக ஆறிய பிறகு, அந்தப் புட்டியிலிருந்தே 4 ஸ்பூன் எடுத்து ஊற்றிக் கலக்கினேன். நன்னாரி திரும்பி வந்தது. அடுத்த முறை கடையில் பாய் கேட்டபோது "இரண்டுக்கும்தான்" என்றேன். நீங்களும் அப்படிச் செய்வதானால், பாகு கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது ஊற்றிவிடாதீர்கள். முழுக்க ஆறட்டும். சூடு இருந்தால் மணம் மறுபடி மேலே போய்விடும், இந்தத் தடவை பிடிக்க மூடி இருக்காது.